பெண் பார்க்கப் போய் பிரிண்டர் பார்த்த கதை

லேசாக முடிகிற வேலையை இடியப்பச் சிக்கலாக்குவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி. அதைக் காட்டிய இடம்தான் சரியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாவலப்பிட்டியிலிருந்து அம்மாவும் நானும் கெலிஓயாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். வீடும் மனிதர்களும் அம்மாவுக்குப் பிடித்துப்போய், பெண்ணின் சாதகத்தில் ஒரு பிரதி கேட்டார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னுக்குக் கையில குடுத்திருங்க."

பெண்ணின் அப்பா லெப்டொப்பைத் திறந்தார். சாதகம் அதில் இருந்தது. புதுப் பிரிண்டர்தான் அசையவில்லை. "மகதான் இதில லினக்ஸ் போட்டிருக்கு தம்பி. பிரிண்டருக்கு இன்னும் ஒன்னும் போடல. மகளக் கூப்பிடவா?"

"வேணாங்க மாமா, நான் பாக்குறேன்" என்று (அதற்குள் மாமா!) கதிரையை இழுத்துப் போட்டேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வரிக் கட்டளை போதும். கணினியே பிரிண்டருக்கான மென்பொருளைத் தேடி எடுத்து, அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துப் பொருத்திவிடும். அப்படிச் செய்தால் என் பெருமை என்னாவது? மூல நிரலை இறக்கி, அதை நானே கம்பைல் செய்து மென்பொருளாக்கத் தொடங்கினேன். வேறொரு மென்பொருள் இல்லாமல் முடியாது என்றது. அதை இறக்கினால், அதற்கு இன்னொன்று வேண்டுமாம். ஒவ்வொன்று முடிந்ததும் நம்பிக்கையோடு பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். பிரிண்டர் சும்மா இருந்தது. நடுவில் பெண் தேநீர் கொண்டுவந்தாராம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

நாலேகாலுக்கு அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். "நேரம் சரியில்ல போல. இன்னொரு நாளைக்குப் பாப்போம்." (இன்னொரு நாள் என்றால் எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று அர்த்தம்.) நான் இன்னும் வேகமாகத் தட்டினேன்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

அப்போதுதான் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். அவர் நின்றபடியே ஒரு வரி தட்டினார். இரண்டு நிமிடத்தில் பிரிண்டர் உறுமி ஒரு சாதகத்தைத் தள்ளியது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நான் கொடுத்த பிரிண்ட் எல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. பதினொன்றில்தான் நின்றது.

அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "ஒரு புள்ளைக்கு எத்தன சாதகங்க?"

பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நாலரைக்கு முன் ஒரு சாதகம் அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது.

கலியாணமாகி எட்டு வருடமாகிறது. விருந்தாளி யார் வந்தாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "நம்ம மருமகன். ஒத்தப் பொண்ண பதினொரு சாதகம் அடிச்சுக் கேட்டு வாங்குனவரு."