புது லென்ஸும் ஏழெட்டு ஐம்பத்து நாலும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம்; முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். கணக்கில் சில விஷயங்களை நிரூபிக்காமல் எடுத்துக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

அடுத்த மாதம் முதல் வாரம் ஸ்டூடியோவை மூன்று நாள் பூட்டிவிட்டு, உன்னிடம் இருக்கும் இன்னொரு லென்ஸையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து பார்ப்பதாக நேற்று போனில் சொன்னாய். பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு உன் கடை வாசலில் வரிசை நிற்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறவனுக்கு லென்ஸின் நோய் வரலாறு முழுதாகத் தெரிய வேண்டாமா? போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே பேசுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் உன் பார்சல் வந்தது. பிரித்தால், நீ போன வருடம் கொடுத்த பழைய கேமராவுக்குப் பொருந்தும் புது லென்ஸ், கூட ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ஒரே வார்த்தை: 'பத்திரம்.' நீ எனக்கு வாழ்நாளில் எழுதிய கடிதம் அதுதான் என்பதால் அதற்கு மிகுந்த மதிப்புக் கொடுத்தேன். ஒரு புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் அதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் அன்றே செய்து, பெட்டியின் உள்மூடியில் பெயரும் தேதியும் எழுதி, பிறகுதான் கேமராவில் மாட்டினேன். முதல் படம் எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்த பூனை. படத்தில் பூனை இருந்தது, மீசை இல்லை. சரி, பூனை அசைந்திருக்கும் என்று மதிலை எடுத்தேன். மதில் அசைய வாய்ப்பில்லை, ஆனால் அதுவும் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி வந்தது. மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தேன். அந்தம்மா பார்த்துவிட்டு, "சார், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கேனே! கன்னத்துல இருக்கற தழும்பே தெரியல. இந்த லென்ஸை மட்டும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு படம் எடுக்கச் சொல்லி, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதுவரை இந்த லென்ஸில் திருப்தியடைந்த ஒரே வீடு அது.

பூனையை உனக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய்.

"அண்ணே, என்ன இது, சோப்புத் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி இருக்கு?"

"நீ அனுப்பின லென்ஸ்தான்டா."

"போன்ல அனுப்பாதீங்க, அது படத்தைக் கசக்கிடும். ஜெராக்ஸ் கடையில குடுத்து மெயில்ல போடச் சொல்லுங்க. கை ஆடியிருக்கும். முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சீங்களா? மூச்சைப் புடிச்சீங்களா?"

"எவ்வளவு நேரம்டா புடிக்கறது?"

"அட, இப்ப விட்டுடுங்கண்ணே. விட்டுட்டுப் பேசுங்க."

பேசி முடித்துப் போனைப் பார்த்தால் பதினெட்டு நிமிடம் என்று காட்டியது. தம்பி, உன் அண்ணி போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமும் மாதம் தவறாமல் நீ போன் செய்திருக்கிறாய், நான் குறை சொல்லவில்லை. "நல்லா இருக்கீங்களா அண்ணே?" "இருக்கேன்டா." "சரி." பதினோரு வினாடி. ஒரு மாதம் ஒன்பது வினாடி. அன்று 'அண்ணே' விட்டுப்போயிற்று. அப்படிப்பட்டவன் பதினெட்டு நிமிடம் பேசினால், அதிலும் பாதி நேரம் என்னைத் திட்டினால், ஒரு மனிதன் எப்படிச் சும்மா இருக்க முடியும்? மறுநாள் காலையிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டேன்.

முதலில் கை ஆட்டம். என்னிடம் ஸ்டாண்டு கிடையாது. சாப்பாட்டு மேசைமேல் பழைய வினாத்தாள் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் பெரிய அட்லஸைப் படுக்கவைத்து, அதன்மேல் கேமராவை உட்காரவைத்தேன். பட்டனை அமுக்கும்போதுகூட ஆடும், டைமர் போடு என்றாய். போட்டேன். பத்து வினாடி அது மினுக்கிக்கொண்டே இருக்க, வகுப்புக்குள் இன்ஸ்பெக்டர் நுழைந்துவிட்டதுபோல் நான் கைகட்டி ஓரமாக நின்றேன். மங்கல். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், அது கை ஆட்டத்தைச் சரிசெய்வதற்கு, ஆடாத இடத்தில் வைத்தால் அதை அணைத்துவிட வேண்டும் என்றாய். அது எனக்கு உடனே புரிந்தது. வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனிடம் போய் 'அசையாதே' என்றால் அவன்தான் நெளிய ஆரம்பிப்பான். அணைத்தேன். மங்கல். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை நேர் எதிரே வைத்து, லென்ஸின் துவாரத்தை எட்டாம் எண்ணில் வைத்து எடுக்கச் சொன்னாய். தலைப்புச் செய்தி தெரிந்தது; அதன் கீழே நாட்டில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. லென்ஸின் பின்னால் இருக்கும் பித்தளைப் புள்ளிகளை அழிரப்பரால் துடைக்கச் சொன்னாய். அந்த ஒரு சோதனைக்கு வேண்டிய கருவி மட்டும் என் மேசை இழுப்பறையில் பதினேழு இருந்தது. துடைத்தேன். மங்கல். கேமராவோடு வந்த பழைய லென்ஸை மாட்டிப் பார்க்கச் சொன்னாய். மாட்டினால் பூனைக்கு மீசை முளைத்துவிட்டது. ஆக கேமராவும் நல்லது, என் கண்ணும் நல்லது என்று அன்று இருபத்தாறு நிமிடம் பேசி முடிவுக்கு வந்தோம்.

பிறகுதான் அடிக்குச்சி சோதனை. மேசைமேல் அடிக்குச்சியைச் சாய்வாக வைத்து, பதினைந்தாம் எண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள், பன்னிரண்டு தெளிவாக இருந்தால் லென்ஸ் முன்னால் பிடிக்கிறது, பதினெட்டு தெளிவாக இருந்தால் பின்னால் பிடிக்கிறது என்றாய். அருமையான சோதனை. இதை நான் வேலையில் இருக்கும்போதே சொல்லியிருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டியிருப்பேன். எடுத்து அனுப்பினேன். நீ பார்த்துவிட்டுக் கத்தினாய்: "எந்த நம்பருமே தெளிவா இல்லையேண்ணே! ஃபோகஸ் தப்பா இருந்தா வேற எங்கயாவது சரியா இருந்தாகணும். இது எங்கயுமே இல்ல. முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. முன்னாடி ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கீங்களா?" ஃபில்டர் இல்லை என்றேன். அது உண்மை. அப்போதுதான் நீ கேட்டாய், "பின்னாடி நாற்காலியில யாருண்ணே உக்காந்திருக்காங்க?"

யாரும் இல்லையடா. அது உன் அண்ணியின் சால்வை. நாற்காலி முதுகில் போட்டது போட்டபடி இருக்கிறது. எடுத்து மடித்து வைக்க நேரம் கிடைக்கவில்லை. அதைச் சொன்னதும் லைன் போய்விட்டதென்று நான் இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேண்ணே" என்றாய்.

நீ இப்படிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நீ நான் கணக்கு எடுத்த வகுப்பிலேயே மாட்டிக்கொண்டாய். ஜன்னலோரம், மூன்றாம் பெஞ்சு. ஒரு வருடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அண்ணன், இங்கே சார், எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்ற குழப்பமாக இருந்திருக்கும். வாய் திறக்காத பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பெரிய கணக்கு ஒன்றைப் போர்டில் போட்டுக்கொண்டே வந்து, நடுவில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் மேலே போவேன். எப்பேர்ப்பட்ட ஊமையும் துள்ளி எழுந்து "சார், தப்பு சார்!" என்பான். சார் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. அன்று வகுப்பே கத்தியது. நீ மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் வந்து பார்த்தால், உன் நோட்டில் ஐம்பத்தாறு என்று சரியாக எழுதியிருந்தாய். எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாய்.

அது போகட்டும். ரிப்பேர் கடையில் காட்டச் சொன்னாய். போனேன், கடை பூட்டியிருந்தது. மறுபடி போனேன், மறுபடியும் பூட்டியிருந்தது. அதைச் சொன்னபோதுதான் நேற்று நீ சம்பந்தமில்லாமல், "அண்ணே, டிவி ரிமோட்டுக்கு இன்னும் கவர் போட்டுத்தான் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். ஆமாம், போட்டிருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக ஒரு பட்டன்கூடத் தேயவில்லை என்றேன். "சரி, நானே நேர்ல வர்றேன்" என்று வைத்துவிட்டாய். ஒரு மனிதன் லென்ஸ் கெட்டுப்போய்த் தவிக்கும்போது ரிமோட்டைப் பற்றி விசாரிப்பது என்ன வகை அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும், வருகிறேன் என்று சொன்னாய் பார், அதுதான் சரி. இது தூரத்தில் இருந்துகொண்டு பார்க்கிற கோளாறு இல்லை. கட்டாயம் வா. மூன்று நாள் போதாது என்றால் ஐந்து நாள் இரு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நோய்நொடியில்லாமல், காம்பஸ் பெட்டியில் எதையும் தொலைக்காமல், நன்றாக இருக்கட்டும். உன் கடை விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். முப்பத்து நாலு வருடம் பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியவன் நான். ஆகவே இந்தப் பகுதியை நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்துக் கோணினால் முழங்கால்தான் காரணம். லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. 'பத்திரம்' என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, நோட்டுக்குப் போடுகிற கண்ணாடித்தாளை வட்டமாக வெட்டி, லென்ஸின் முகத்தில் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். பழைய லென்ஸ் ஏற்கெனவே அடிபட்டது என்பதால் அதற்குப் போடவில்லை. ஐந்தாம் நாள் மாடி வீட்டம்மா, "இதுக்குமா சார் அட்டை போட்டிருக்கீங்க?" என்று சிரித்தபோதுதான் எனக்கே உறைத்தது. கழற்றிப் பார்த்தேன். கண்ணைப் பறிக்கிற தெளிவு. அன்று சாயங்காலம் உன் போன் வருகிற நேரம் நெருங்கியது. மறுபடி மாட்டிவிட்டேன். அடிக்குச்சி சோதனையெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான். ரிப்பேர் கடை ஒரு நாளும் பூட்டவில்லை. நான் போகவே இல்லை. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று தெரிந்தே எழுதிவைத்தேன், தம்பி. நீ இத்தனை வருடம் கழித்து எழுந்து நின்று "தப்பு, தப்பு" என்று கத்தினாய். அழிக்க மனம் வரவில்லை.

கவர் இல்லாமல் அந்த நாற்காலியையும் ஒரு படம் எடுத்தேன். நூல் பிரிந்தது வரை தெரிகிறது, வெறும் சால்வை. மங்கலாக எடுத்ததுதான் நன்றாக இருக்கிறது.

ஆகவே லென்ஸுக்காகக் கடையைப் பூட்ட வேண்டாம். வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பு.

ஆனால் ஒன்று. ஸ்டாம்பை ஒட்டும்போதுதான் யோசித்தேன். ரிமோட்டுக்குக் கவர் இருக்கிறதா என்று நீ ஏன் கேட்டாய்? முப்பது வருடம் லென்ஸ் பிடித்தவன், படத்தைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்காதா? விளங்கிய பிறகும்தான் வருகிறேன் என்றாயா? இந்த முறையும் நோட்டில் ஐம்பத்தாறு என்று எழுதிவைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறாயா? அப்படியென்றால் வாடா. நீ வந்து கண்டுபிடிப்பதற்காக, கவரைத் திரும்பவும் மாட்டி வைத்திருக்கிறேன்.