சௌந்தரம் வாசலில் விழுந்த ட்ரோன்

தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த கோரமண்டல் சைனைடு மேட்டிலிருந்து காற்றுக் காலத்தில் தூசி பறக்கிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அரசாங்கத்துக்கும் தெரிந்துவிட்டதாக ஆகிவிடாது. ஆகவே, தூசி பறக்கிறதா என்பதை அறிவியல்பூர்வமாக அறியும் பொருட்டு, கழிவுமேட்டுத் தூசிக் கண்காணிப்புப் பிரிவு ஒரு ட்ரோன் வாங்கியது.

வாங்காமல் இருக்கவும் முடியாது. பேத்தமங்களாவில் தக்காளிக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டது. பங்காருபேட்டையில் காதுகுத்துக்கே ட்ரோன் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். தூசிப் பிரிவு மட்டும் ஓர் ஏணியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபீசுக்கே தலைகுனிவு என்று கண்காணிப்பாளர் மனோகர் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னார்.

ட்ரோன் வந்ததும் நடைமுறையும் சீரமைக்கப்பட்டது. முன்பெல்லாம் தூசி தாங்க முடியாமல் நாலு பேர் போய்ச் சத்தம் போட்டால் தண்ணீர் லாரி வந்து தெருவை நனைத்துவிட்டுப் போகும். இனிமேல் அப்படியில்லை. ட்ரோன் எடுக்கும் படத்தில் தூசி தெரிந்தால் மட்டுமே லாரி.

இதில் அதிகம் தவித்தவள் சௌந்தரம். மேட்டுக்கு நேர் கீழே, மைன்ஸ் காலத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறாள். புருஷன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். ரெண்டு வயசுப் பையன் ஹரிஷ்குமாருக்குக் காற்று எழும்பினால் இழுப்பு. தூங்கும்போது அவன் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல இருக்கும். லாரி வந்து தெரு நனைந்த அன்றைக்கு மட்டும் அந்த விசில் அடங்கும்.

எனவே ட்ரோன் முதல்முதலாகப் பறந்த அன்று, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் அவள்தான் முதல் ஆள்.

ட்ரோனை ஓட்டியவள் ஷில்பா, பேத்தமங்களாப் பெண், ஒப்பந்த வேலை. ட்ரோன் நன்றாகவே ஏறியது. மேட்டைப் படம் எடுக்க நெருங்கியபோது மேடு ஒரு மூச்சு விட்டது. வானம் சாம்பலாகி, அதற்குள்ளிருந்து ட்ரோன் தலைகுப்புற வந்து, சௌந்தரத்தின் துணிக்கொடியை அறுத்து, வாசல் மண்ணை உழுதுகொண்டு நின்றது. 'எதிர்பாராத விரைவுத் தரையிறக்கம்' என்று ஆபீசில் பதிவானது.

ஷில்பா ஓடிவந்து மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்தாள். கரகரவென்றது.

"உள்ள மண்ணு போயிருக்கு சார். இந்த மேட்டு மண்ணுல இரும்புப் பொடி கலந்திருக்கு. மோட்டார்ல காந்தம் இருக்கறதால நல்லா ஒட்டிக்கும். கழட்டி, பிரஷ்ஷால தட்டி, டேப்பால ஒத்தி எடுத்துட்டு, பேரிங்குல ஒரே ஒரு சொட்டு மெல்லிசு ஆயில் விட்டா சரியாயிடும். சொல்ப நேர வேலை."

"தொடாதம்மா" என்றார் பின்னாலேயே வந்த மனோகர்.

"ஏன் சார்?"

"ஆக்சிடென்ட் ஸ்பாட். இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. மைன்ஸ் ரூல்."

"மைன்ஸ்தான் எப்பவோ மூடிட்டாங்களே சார்."

"மைன்ஸைத்தான் மூடினாங்க. ரூலை யாரும் மூடல."

"இது ட்ரோன் சார்."

"ஏறுது, எறங்குது. ஏறி எறங்கற எதுவும் கேஜ்தான். ஷாஃப்ட்டுல ஆளை எறக்கற கூண்டுக்கு இன்னா ரூலோ, அதுதான் இதுக்கும். எங்கப்பா அந்தக் கூண்டை ஏத்தி எறக்கின வைண்டிங் இன்ஜின் டிரைவர். எனக்கே சொல்லித் தர்றியா?"

சௌந்தரம் அறுந்த கொடியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். "அப்ப இது இங்கியே கெடக்கும்ன்றீங்களா? நான் துணி எங்க காயப்போடறது?"

"இது சம்பவ இடம்மா."

"உங்களுக்குச் சம்பவ இடம். எனக்கு வாசல்."

வாசலைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் சிவப்புத் துணி தொங்கவிடப்பட்டது. காவலுக்கு எட்மண்ட் என்கிற வாட்ச்மேன் நாற்காலியோடு அமர்த்தப்பட்டார். வெயில் படாமலிருக்க ட்ரோனுக்கு ஒரு குடை அளிக்கப்பட்டது. எட்மண்டுக்குக் குடை அளிக்க விதியில்லை. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ட்ரோனுக்குக் குடை பிடித்தார்.

சுரங்க இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலிருந்து பதில் விரைவாகவே வந்தது. நேரில் வந்து பார்க்கும் அவசியம் உள்ளதா என்பதை முடிவு செய்ய, சம்பவ இடத்தை ட்ரோன் மூலம் படம் எடுத்து அனுப்புமாறு கேட்டிருந்தார்கள்.

மனோகர் கொஞ்சமும் அசரவில்லை. "நியாயமாத்தானே கேக்கறாங்க" என்றார்.

காத்திருக்கும் நேரத்தில் பராமரிப்பை விட்டுவிட முடியாது. ஓடாத மெஷினுக்கும் ஷிப்டுக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்க வேண்டும் என்று பழைய விதி சொல்கிறது.

"தொடக் கூடாதுன்னீங்களே சார்" என்றாள் ஷில்பா.

"மெயின்டனன்ஸ்ன்றது தொடறது இல்லம்மா. மெயின்டனன்ஸ்."

ஸ்டோரில் அனுமதிக்கப்பட்ட கிரீஸ் ஒன்றுதான் உண்டு. கேஜைத் தூக்கும் இரும்புக் கயிற்றுக்குப் பூசுகிற, தார் மாதிரி கறுப்பு கிரீஸ். எட்மண்ட் முழங்கைவரை சட்டையை மடக்கிக்கொண்டு, நாலு மோட்டாருக்கும் கைநிறைய அள்ளி அப்பினார்.

"எட்மண்ட் அங்கிள், அது பேரிங். வடைக்கு மாவு இல்ல" என்று ஷில்பா கெஞ்சினாள்.

"நான் இன்னாம்மா பண்றது. கொஞ்சமா வெச்சா ஏன் கொஞ்சமா வெச்சேன்னு கேப்பாங்க. நெறைய வெச்சதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

மறுநாள் காலைக்குள் மேட்டுத் தூசி மொத்தமும் அந்தக் கிரீஸில் வந்து ஒட்டி, சீயக்காய் தேய்த்துவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஆள் போல ட்ரோன் உட்கார்ந்திருந்தது. பிரிவு தொடங்கியதிலிருந்து அதன் வசமிருந்த சாதனங்களில் உண்மையாகவே தூசியைப் பிடித்தது அது ஒன்றுதான்.

ஷில்பா கடைசி முயற்சியாகப் போனில் கம்பெனிக் கையேட்டைத் திறந்து காட்டினாள். எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டும். தூசியுள்ள இடத்தில் ட்ரோனை வைக்கக் கூடாது. காற்றில் தூசி இருக்கும்போது பறக்கவிடவும் கூடாது.

மனோகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அச்சில் வந்த எதையும் மதிக்கிறவர் அவர்.

"கம்பெனியே சொல்லுதா?"

"ஆமா சார்."

"அப்ப ட்ரோனையும் நகர்த்தக் கூடாது, அது மேல தூசியும் படக் கூடாது." கண்ணாடியைக் கழற்றினார். "சரி. தூசியைத்தான் நகர்த்தணும்."

மாலையே தண்ணீர் லாரி வந்தது. ட்ரோனைச் சுற்றிலும், அதன் தெரு முழுக்கவும், காலையிலும் மாலையிலும் தெளிக்க உத்தரவு. சௌந்தரத்தின் வீட்டுப் பாத்திரங்கள் அந்தக் காற்றுக் காலத்தில் முதல்முறையாகப் பளபளத்தன. ஹரிஷ்குமார் மத்தியானம் விசில் இல்லாமல் தூங்கினான். சௌந்தரம் எட்மண்டுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ட்ரோனின் குடையைத் தானே சரிசெய்து வைத்தாள்.

மெயின்டனன்ஸ் என்பது தொடுவது ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டதால், ஷில்பாவுக்கும் வழி கிடைத்தது. ஸ்பிரிட்டால் கிரீஸைத் துடைத்தாள். மோட்டார்களைக் கழற்றி, டேப்பை ஒட்டி ஒட்டிக் கறுப்புப் பொடியை எடுத்தாள். ஒவ்வொரு பேரிங்கிலும் ஊசிமுனையால் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததை ஒற்றி, விரலால் சுண்டினாள். நாலும் சத்தமில்லாமல் சுற்றின.

அந்த நிசப்தம் சௌந்தரத்தை அடுப்பிலிருந்து எழுந்து வரவைத்தது.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா. நாளைக்கு சார்கிட்ட சொல்லிப் பறக்கவிட்டு, இன்ஸ்பெக்டர் கேட்ட படத்தை எடுத்துக் குடுத்துட்டா எடுத்துட்டுப் போயிடலாம்."

"அப்ப லாரி?"

"ட்ரோன் போயிட்டா லாரி எதுக்குக்கா வரும்?"

"அது பறந்து படம் எடுத்தா தூசி தெரியுமில்ல?"

"தூசி இருக்கற அன்னிக்குப் பறக்கக் கூடாதுன்னு புக்குல போட்டிருக்கே. தூசி இல்லாத அன்னிக்குத்தான் பறக்கும். அன்னிக்கு எடுக்கற படத்துல தூசி எப்படித் தெரியும்?"

சௌந்தரம் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மனோகர் முன்னிலையில் ஷில்பா மோட்டாரைச் சுண்டினாள். கரகர. அடுத்தது, கரகர. அவள் டேப்பை ஒட்டி எடுத்துப் பார்த்தாள். மேட்டு மண் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். டேப்பில் ஒட்டியிருந்ததோ வெள்ளை வெளேரென்ற கோலமாவு.

ஷில்பா நிமிர்ந்தாள். வாசற்படியில் சௌந்தரம் கோலமாவு டப்பாவை முந்தானைக்குள் மறைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பையன் வாய் திறந்து தூங்குவது தெரிந்தது.

ட்ரோனைக் கீழே போட்டவள் என்பதால் தன் ஒப்பந்தம் விபத்து விசாரணை முடியும் வரைக்கும்தான் என்பதும், ட்ரோன் அந்த இடத்தைவிட்டுப் போகாதவரை விசாரணை முடியாது என்பதும் ஷில்பாவுக்குத் தெரியும். டேப்பை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னும் அடங்கல சார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பாக்கணும்."

"அவசரமே இல்லம்மா" என்றார் மனோகர். "மெஷினை அவசரப்படுத்தக் கூடாது. எங்கப்பாவே சொல்வாரு."

அன்றிலிருந்து ஷில்பா பகலில் கோலமாவை எடுப்பதும், சௌந்தரம் விடியற்காலையில் வாசலுக்கு ஒரு கோலம், மோட்டாருக்கு ஒரு சிட்டிகை என்று போடுவதும் முறையாக நடந்து வருகின்றன. எட்மண்ட் விடியற்காலையில் முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பி உட்கார்ந்து கொள்கிறார்.

விஷயம் மற்ற தெருக்களுக்குப் பரவ நேரமாகவில்லை. சௌந்தரம் தெருவில் மல்லிகைச் செடி துளிர்த்திருக்கிறது. பக்கத்துத் தெருவான எங்கள் தெருவில் தயிருக்குள்ளும் மண். நாங்கள் திரண்டு போய் மனோகரைப் பார்த்தோம்.

"எங்க தெருவுக்கும் லாரி விடுங்க சார்."

"உங்க தெருவுல எதுனா விழுந்திருக்கா?"

"இல்ல சார்."

"ஒண்ணுமே விழாத தெருவுக்கு எப்படிங்க தண்ணி விடறது? நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க இல்ல?"

நியாயம் எங்களுக்கு உடனே புரிந்தது. அங்கேயே கூடிப் பேசி, தெருவுக்கு ஒரு ட்ரோன் ஒதுக்கும்படி கோரிக்கை வைத்தோம். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பறக்காவிட்டாலும் பாதகமில்லை, விழுந்தால் போதும் என்று அடியில் சேர்த்திருந்தேன். மனோகர் அந்த வரியை மட்டும் பாராட்டினார். வரிசைப்படி விழவைக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எங்கள் தெருவுக்கு முன்னால் இன்னும் ஆறு தெரு இருக்கிறது.

நேற்று ரேஷன் கடையில் சௌந்தரம் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, உங்க தெருப் பக்கம் ஒரே பொகையா கீது. மேட்டை மூடச் சொல்லி யாரும் கேக்கலியா?"

"அதைவிட நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கோம்மா" என்றேன். "ட்ரோன் விழறதுக்குத் தெருமுனையில இடம் பெருக்கி, சாணம் தெளிச்சுத் தயாரா வெச்சிருக்கோம்."

சொல்லி முடிப்பதற்குள் தொண்டையில் தூசி அடைத்து, குரல் கரகரவென்று நின்றுவிட்டது. சௌந்தரம் தலையைச் சாய்த்து, பழகிய காதோடு கேட்டாள்.

"உள்ள போயிருக்குண்ணா. ஒரே ஒரு சொட்டு எண்ணெ விடுங்க. அதிகமா விட்டுடாதீங்க, இன்னும் ஒட்டும்."