தும்பாலுக்கு விழாத அடி

ஐம்பது வயது தாண்டியும் ஒரு பல்கூட ஆடவில்லையே என்று தும்பால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில், மஞ்சளும் மிளகாயும் போட்டு வற்ற வைத்த ஏரிக் கெண்டை ஆறிக்கொண்டிருந்தது.

"ஆடலைன்னா நல்லதுதானே? முள்ளைப் பார்த்துத் தின்னுங்க" என்றாள் மனைவி துமாரிஸ்.

"முள்ளாவது தொண்டையில சிக்குமான்னு பார்க்கிறேன். அதுவும் நேரா இறங்கிடுது."

எல்லாம் காலை ஆராதனையில் ஆரம்பித்தது. ஆண்டவர் தம்முடைய பிள்ளைகளைத்தான் கண்டிப்பார், எவனுக்குக் கண்டிப்பே கிடைக்கவில்லையோ அவன் அவருக்குப் பிள்ளையே இல்லை என்று போதகர் பிரசங்கம் செய்தார். பிறகு சாட்சி சொல்லும் நேரம் வந்தது. படகுக்கார ஜிந்தார் எழுந்து, கூண்டில் வளர்த்த மீனெல்லாம் செத்து மிதந்ததைச் சொல்லி விம்மினான். விதவை தியுர்மா, காற்றில் கூரை பறந்த கதையைச் சொன்னாள். சபை மூப்பர் மனவோர், கள் இறக்கும் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகியதைச் சொன்னார். மூவர் முகத்திலும் பரிசு வாங்கியவர்களின் பெருமை.

சபை முழுவதும் தும்பாலைத் திரும்பிப் பார்த்தது. அவரும் எழுந்தார், வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய வெங்காயம் அழுகியதில்லை. பன்றிக் காய்ச்சல் ஏரிக்கரை முழுவதையும் காலி செய்தபோது அவர் வீட்டுப் பன்றிகள் தும்மக்கூட இல்லை. மகள் லம்ரியா மேடான் நகரத்தில் நர்ஸ். மாப்பிள்ளை குடிப்பதில்லை.

மூப்பர் அவர் தோளைத் தட்டினார். "மனசை விடாதே தும்பால். உனக்காகவும் ஜெபம் பண்றோம்."

அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை.

தும்பால் தாய் தகப்பன் இல்லாமல் மாமா வீட்டில் வளர்ந்தவர். மாமா தன் பிள்ளைகள் தப்பு செய்தால் விறகுக்கட்டையை எடுத்து விளாசிவிடுவார். அதே தப்பை தும்பாலும் செய்திருப்பார். அவர் மேல் ஒரு விரல் படாது. "நீ போய்ச் சாப்பிடுப்பா" என்பார். அடி வாங்கிய பிள்ளைகள் மூலையில் அழுதுகொண்டிருக்க, தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்தச் சோறு இன்னும் செரிக்கவில்லை. இப்போது மேலே இருக்கிறவரும் அதையே சொல்கிறாரோ?

கை கழுவியதும் நேரே போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் இலையில் கை வைக்கப் போன நேரம்.

"ஐயா, எனக்கு ஏன் ஒரு சிட்சையும் வரல?"

"பாவம் செஞ்சாத்தானேய்யா சிட்சை வரும்? நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார் போதகர், பசியில்.

தும்பாலின் முகம் தெளிந்தது. வழி இவ்வளவு சுலபமா!

அடுத்த ஞாயிறு ஆலய மணி அடிக்கும்போது அவர் ஏரிக்கரையில் நின்றார். ஆராதனைக்குப் போகாமல் மீன் பிடிப்பது ஒரு பாவம். அது போதுமோ போதாதோ என்று, ஜிந்தாரின் படகைக் கேட்காமலே அவிழ்த்துக்கொண்டார். புயல் வரும், படகு கவிழும், குறைந்தது சளியாவது பிடிக்கும் என்று நடு ஏரியில் சட்டையைக் கழற்றிக் காத்திருந்தார். ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. கல்யாணச் சீருக்காக ஊரே தேடி அலையும் அபூர்வ மீன் வலை கிழியக் கிழிய வந்து விழுந்தது.

கரையில் ஜிந்தார் கோட்டு போட்டு, தோளில் நெய்த சால்வையோடு நின்றிருந்தான்.

"மச்சான், அக்கரையில தம்பி மகளுக்குக் கல்யாணம். இந்நேரம் விருந்தே முடிஞ்சிருக்கும்."

"தப்பு என்னுதுதான் மச்சான். இந்தா துடுப்பு. எங்க வேணும்னாலும் அடி."

ஜிந்தார் துடுப்பை வாங்கி ஓங்கினான். தும்பால் ஆசையாக முதுகைக் காட்டினார். துடுப்பு அந்தரத்திலேயே நின்றது. ஜிந்தார் வானத்தைப் பார்த்தான்.

"பந்தியில வச்சுத் தம்பியை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன் மச்சான்" என்றான் மெதுவாக.

"அது இருக்கட்டும், அடி."

"மாட்டேன் மச்சான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

"சின்னப் பாவமா இருந்திருக்கு. அதான் அவர் கண்ணுல படல" என்றார் தும்பால் வீட்டில்.

"மீனைப் பார்த்தா அப்படித் தெரியலயே" என்றாள் துமாரிஸ் செதிலை உரித்தபடி.

அடுத்து பெரிய பாவம். பக்கத்துத் தியுர்மாவின் நிலத்துக்குள் எல்லைக் கல்லைத் தள்ளி நடுவது. அதையும் ஞாயிற்றுக்கிழமையே செய்வது. தியுர்மா வாயைத் திறந்தால் ஏரியில் அலையடிக்கும் என்பார்கள். மேலே இருந்து ஒன்றும் வராவிட்டாலும் அவளிடமிருந்து நிச்சயம் வரும். தும்பால் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். 'களுக்' என்று ஒரு சத்தம். பூமிக்குள்ளிருந்து பளிங்குபோல் ஊற்று பீறிட்டது.

கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய வெங்காயப் பாத்திக்குள் தண்ணீர் தானாகப் பாய்ந்தது. மிச்சம் நேரே தியுர்மாவின் அடுப்படிக்குள் போனது.

தியுர்மா முழங்கால் வரை நனைந்து ஓடி வந்தாள்.

"நான்தான்க்கா! உன் நிலத்தைத் திருட வந்தேன். திட்டு, வாய்விட்டுத் திட்டு!"

தியுர்மா மூச்சை இழுத்தாள். தும்பால் காதைத் தீட்டிக்கொண்டார். இழுத்த மூச்சு பெருமூச்சாக வெளியே வந்தது.

"அடுப்படி மூலையில நான் ஒளிச்சு வச்சிருந்த பிளாஸ்டிக் தட்டெல்லாம் மிதந்து தெருவுக்கு வந்துடுச்சு தம்பி. போன பண்டிகையில காணாமப் போன சபைத் தட்டு. எவ எடுத்தாளோன்னு ஊரையே சபிச்சேனே நான்!" அவளும் வானத்தைப் பார்த்தாள். "புரிஞ்சுது ஆண்டவரே, புரிஞ்சுது" என்று முணுமுணுத்துக்கொண்டு தட்டுகளைப் பொறுக்கப் போனாள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தும்பால் கல்லைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கடப்பாரையை மூலையில் எறிந்தார்.

"இன்னுமா வெறி அடங்கல?" என்றாள் துமாரிஸ்.

"அடி வாங்காம விடமாட்டேன். அவர் பிள்ளைதான்னு அவரே ஒத்துக்கணும்."

"எங்கிட்ட விடுங்க. நான் ஒண்ணு போடறேன்."

"நீ போட்டு என்ன பண்றது? அது தினம் கிடைக்குது."

மூப்பர் மனவோரின் பன்றியைப் பட்டப்பகலில் திருடுவது என்று முடிவானது. திருட்டு, அதுவும் சபை மூப்பரிடம். தும்பால் கொட்டகையைத் திறந்து, இருப்பதிலேயே கொழுத்த பெட்டைப் பன்றியின் காலில் கயிற்றைக் கட்டி, கள்ளுக்கடைக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, தெருவோடு இழுத்துக்கொண்டு போனார். பன்றி ஊரைக் கூட்டியது. மூப்பர் கைத்தடியை ஊன்றி நொண்டி நொண்டி ஓடி வந்தார்.

"திருடன் நான்தான் மூப்பரே! தடியை எடுங்க!"

மூப்பர் பன்றியைப் பார்த்தார். தும்பாலைப் பார்த்தார். தும்பால் நினைத்தபடியே கடைசியில் வானத்தையும் பார்த்தார்.

"அறுப்புப் பண்டிகைக்கு இதைத்தான் நேர்ந்துவிட்டிருந்தேன் தும்பால். நேத்துதான் புத்தி கெட்டு, இதை வச்சுக்கிட்டு அந்த நோஞ்சானைக் குடுத்துடலாம்னு நினைச்சேன். யாருகிட்டயும் சொல்லல. பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லல!" அவர் குரல் நடுங்கியது. "கொண்டு போய்டு. இது இனி என் கண்ணு முன்னாடி இருக்க வேண்டாம். பண்டிகைக்கு வேற ரெண்டு தர்றேன்."

சொல்லிவிட்டுத் தும்பாலைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மறுநாள் காலையில் பன்றி ஒன்பது குட்டி போட்டது.

தும்பால் கொட்டகை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றுக்குக்கூட நோஞ்சான் சாயல் இல்லை.

அந்த ஞாயிறு அவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். பாட்டு முடிந்ததும் போதகருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நான் படகு திருடினேன். எல்லைக் கல்லைப் பிடுங்கினேன். மூப்பர் பன்றியை ஓட்டிட்டுப் போனேன். சபை ஒழுங்கு என்ன சொல்லுதோ அதைப் பண்ணுங்க. பேரை எடுத்துடுங்க. கடைசி பெஞ்சில உட்கார வைங்க. எதுவா இருந்தாலும் சரி."

போதகர் திகைத்துப்போய்ச் சபையைப் பார்த்தார். "புகார் சொல்றவங்க எழுந்திரிங்க."

ஜிந்தார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். தியுர்மா முந்தானையைச் சரிசெய்தாள். மூப்பர் இடுப்பு வலிக்காரராகிவிட்டார். ஒருவரும் எழவில்லை.

தும்பால் திரும்பி அவர்களைப் பார்த்தார். "ஒரு புகார்கூட இல்லையா? உங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்கிறாரே, எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிடுவார்? அவர் வீட்டுலயும் நான் விருந்தாளிதானா?"

குரல் உடைந்துவிட்டது. துமாரிஸ் எழுந்து வந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

அப்போது பெண்கள் பக்கமிருந்து, மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஜிந்தாரின் மனைவி ரோதுவா, இவ்வளவு நேரம் இது ஏன் இந்த மனுஷனுக்குப் புரியவில்லை என்கிற எரிச்சலோடு சொன்னாள்:

"இந்த மூணு வாரமா எங்களுக்கு விழுந்த அடியெல்லாம் யார் மூலமா விழுந்துச்சுன்னு நினைச்சீங்க? பிரம்பை யாராவது அடிப்பாங்களாண்ணே, அதை அப்பா கையிலயில்ல வச்சிருப்பாரு!"