மணிக்கட்டு அங்கிளுக்கு ஓர் அக்காள் மகன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற அத்தனை மணிக்கட்டுகளுக்கும் தானே பொறுப்பு என்று நம்பி வாழ்ந்தவர் எங்கள் மணிக்கட்டு அங்கிள். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் எங்களுடையது. நாள் முழுக்க டைப் அடிக்கும் வேலை.

"கை மடங்கக் கூடாது தம்பி. மணிக்கட்டுக்குள்ள நரம்பு போற வழி ரொம்பக் குறுகல். வீங்கிச்சுன்னா நரம்பு நசுங்கிரும். விரலெல்லாம் மரத்துப் போவும் லா" என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியை உயர்த்துவார். ஒருநாள் உயர்த்தியதில் கால் தரைக்கு எட்டவில்லை. மேலாளர் வந்தபோது, முடிவெட்டக் கூட்டி வந்த பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தோடு விட்டாரா? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் தே தாரேக் டீயைக் கை தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், "பாஸ், மணிக்கட்டை நேரா வைங்க" என்றார். அவரும் நேராக வைத்தார். டீ என் சட்டைக்கு வந்தது.

ஒரு கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர், பிடித்த கையை விடாமல், "ராத்திரியில மரத்துப் போயி, எழுந்து கையை உதறுறீங்களா?" என்று விசாரித்தார். மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "ஆமா அங்கிள்" என்றார். போச்சு! தூங்கும்போது மணிக்கட்டில் பட்டை கட்டும் முறையை மேடையிலேயே விளக்க ஆரம்பித்துவிட்டார். மொய்க்கவரோடு வரிசை வாசல்வரை நின்றது. பெண்ணின் தாய்மாமன் வந்துதான் அவரைப் பந்திக்கு அழைத்துப் போனார்.

பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிடுவார். கேட்டால், "இங்கதான் கை அதிகம்" என்பார். பேச ஆள் கிடைக்குமே என்றுதான் வந்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

இத்தனைக்கும் அவருடைய வலது கையே கெட்டுப்போயிருந்தது. பட்டை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கட்டைவிரல் சதை வற்றத் தொடங்கிவிட்டது, இனியும் தள்ளினால் கையில் பிடிமானம் திரும்பாமலே போகலாம், ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். அங்கிளோ தீபாவளி கழியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று இழுத்தார். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்தோம்.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் காலை ஆபரேஷன் ஆகாத கையோடு அலுவலகம் வந்து நின்றார்.

"என்ன அங்கிள், ஓடி வந்துட்டீங்களா?"

"இல்ல லா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கூட இருக்க சொந்தக்காரங்க வேணுமாம். நான் போன வாடகைக் காரோட டிரைவரைக் கொஞ்சம் அக்கா மவனா நடிக்கச் சொன்னேன். நர்ஸ் கேட்டதும், 'நான் வெறும் டிரைவர்'னு மலாய்ல கத்திட்டான்."

"டிரைவர் பேரு என்ன அங்கிள்?"

"ஆ செங். சீனப் பையன்."

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அங்கிளும் சிரித்தார். முதலில் நிறுத்தியது அவர்தான். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"எங்கள்ல ஒருத்தரைக் கேட்டிருக்கலாம்ல?"

"உனக்கு ஒரு நாள் லீவு போயிரும்ல தம்பி" என்றார்.

அடுத்த முறை நான் கூடப் போனேன். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, "அக்கா மகன்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீக்கம் வராமலிருக்க வீட்டில் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், தலையணை வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். பூச்சோங் வீட்டு சோபாவில் சாய்ந்ததுமே அங்கிள் தூங்கிவிட்டார். கட்டுப் போட்ட கையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையணை பக்கத்திலேயே கிடந்தது. மரத்துப்போன அந்த விரல்கள் என் விரலைப் பிடித்திருந்தன; எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.