என் காலிலிருந்து காணாமல் போன ஸ்க்ரூ

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் பேசுவது எந்த மனிதனுக்கும் காதில் விழாது. தலை மட்டும் நன்றாக ஆடும். என் தலையும் ஆடியது.

பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடைப் படியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டிருந்தேன். (மழை ஈரம் என்றுதான் வெளியில் சொன்னேன். உண்மையில் அது என் பையிலிருந்து ஒழுகிய பார்சல் ரசம்.) டாக்டர் ஒரு ஸ்க்ரூ போட்டு எலும்பைச் சேர்த்தார்.

போர்ட் கிள்ளானில் இருக்கும் என் மாமியார் பதறிப்போய் முருகனிடம் வேண்டிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து நடந்தால், காலிலிருந்து எடுக்கிற ஸ்க்ரூவை அத்தையே உண்டியலில் போடுவாராம். அதுவரை மீன், நண்டு எதையும் தொடமாட்டாராம். நண்டுக் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாத மனுஷி, ஒரு வருஷமாகப் பருப்பும் கீரையுமாக இளைத்துப்போனார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அதனால் ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்று அத்தையையும் என் மனைவி மாலாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தை முடிந்து வைக்க மஞ்சள் துணியோடு வந்திருந்தார். டாக்டர் புது எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு இருந்தது. ஸ்க்ரூவைக் காணோம்!

“டாக்டர், ஸ்க்ரூ எங்க? போடாமலே தைச்சிட்டீங்களா?” என்று கத்தினேன்.

“அண்ணே, ரிலேக்ஸ் லா. அது மெக்னீசியம் ஸ்க்ரூ. எலும்பு சேர்ந்ததும் தானா கரைஞ்சிரும், எடுக்கவே வேணாம். அன்னிக்கே சொன்னேனே, நீங்ககூட தலையாட்டினீங்க!”

“கரைஞ்சு எங்க போச்சு?”

“உங்க உடம்போட கலந்திருச்சு.”

அத்தை அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “ஐயோ முருகா! சாமிக்குச் சொன்னத மாப்பிள்ளை முழுங்கிட்டாரே!”

(நான் எங்கே முழுங்கினேன்? டாக்டர்தானே உள்ளே வைத்தார்? யார் கேட்டார்கள்!)

கார் கிள்ளான் போய்ச் சேரும்வரை அழுதார். அங்கே முருகன் கோயில் வாசலில் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஸ்க்ரூ இவருக்குள்ளதானே இருக்கு? ஆளையே குடுத்துருவோம்.”

சீக்குக் குழந்தைகளைச் சாமிக்குத் தத்துக் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்களே, அந்தச் சடங்கு! நாற்பது வயதில், தொப்பையோடு, சன்னதி முன்னால் உட்கார்ந்தேன். குருக்கள் சிரிப்பை அடக்கத் திருநீற்றுத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“முருகா, இனி இது உன் பிள்ளை” என்றார் அத்தை.

அடுத்து மாலா தவிட்டைக் கொடுத்து என்னை வாங்க வேண்டும். பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னடி பாக்குற?” அத்தை அவசரப்படுத்தினார்.

“இல்லம்மா, யோசிக்கிறேன்.”

“சீக்கிரம் வாங்கித் தொலைடி! பாசார் மூடுறதுக்குள்ள நண்டு வாங்கணும்.”

வாங்கிவிட்டாள். கால் இப்போது ஜோராக இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளைப் பார்த்து, ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சீண்டுவார்கள். எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் அதட்டினால் போதும், என் மகள் அம்மா பக்கம் திரும்பிக் கேட்கிறாள்:

“தவிட்டுக்கு வாங்கினவரு பேசுறாரு. கேக்கணுமாம்மா?”