சேம்சைடு கோலுக்கு ஒரு தாம்பாளம்

கால்பந்தில் கோல் போடுகிறவனுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். கோலே போடாத ஒருத்தன் மேல் உயிரையே வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஜெர்மன் டிரைவர்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவர். ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் நாங்கள் நாலு பேர் ஒரு இங்கிலீஷ் கிளப்பின் ஆட்டம் பார்ப்போம். அந்தக் கிளப்புக்குத் தடுப்பாட்டம் ஆட ஒரு ஜெர்மன்காரன் வந்திருந்தான். பார்த்த முதல் நாளே டிரைவர் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்; எங்களிடம் ‘ஜெர்மன் டிரைவர்’ என்று பெயரும் வாங்கிக்கொண்டார்.

“ஆக்சிலேட்டரை எவன் வேணா மிதிப்பான். பிரேக்கு போடறவன்தான்பா ஆளு” என்றார். மலைப்பாதையில் ஓட்டுகிறவரிடம் என்னத்தை வாதாடுவது?

அன்று முதல் அவன் ‘நம்ம பையன்’. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறானே என்று கவலை. அங்கே மழை ஜாஸ்தியாமே, சளி பிடித்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பார். ஜெர்மனியிலும் குளிர்தானே என்றால், “சொந்த ஊர் குளிரு ஒடம்ப ஒண்ணும் பண்ணாது” என்பார். பையனை ஆட்டத்தில் இறக்காமல் வெளியே உட்கார வைத்துவிட்டால், அவனை இறக்கும்வரை டீயைத் தொட மாட்டார். கடைக்காரருக்கு அதில் ஏக வருத்தம்.

ஒரு இறுதி ஆட்டத்தில், முடியப் போகிற நேரத்தில், நம்ம பையன் பந்தை எங்கள் வலைக்குள்ளேயே அடித்துவிட்டான். கோப்பை போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், டிரைவர் இனி இந்த டிவி முன்னால் உட்காரக் கூடாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் அந்தச் சேனல் வராது. பையனைப் பார்க்க அவருக்கு வேறு வழியே கிடையாது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை என் மோட்டார் ரீவைண்டிங் கடை வாசலில் மலை பஸ் வந்து நின்றது. டிரைவர் காக்கிச் சட்டையோடு இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். பின்னால் கண்டக்டர், சம்பந்தம் பேச வந்த பெரிய மனுஷர் தோரணையில், ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு.

“தம்பி, நம்ம பையன் தெரியாம பண்ட்டான். அவனுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். மனசுல வெச்சிக்காத.”

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று விசாரித்தார். பையன் தப்பு பண்ணிவிட்டான் என்றார் டிரைவர். என்ன வயசு என்று கேட்டார் அந்த அம்மா. முப்பது இருக்கும் என்றார் இவர்.

“அப்ப ஒரு கல்யாணத்தப் பண்ணி வையிங்க. சரியாப் பூடும்.”

பஸ்ஸே தலையாட்டியது. நான் தட்டை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் டிவி முன்னால் அவருடைய இடம் அவருக்கே திரும்பக் கிடைத்தது.

அடுத்த வருஷம் கிளப் அவனைத் துருக்கிக்கு விற்றுவிட்டது. என்னவோ நானே பேசி முடித்த மாதிரி, “நல்ல எடமா விசாரிச்சியா தம்பி?” என்று கேட்டார் டிரைவர். விசாரித்துவிட்டேன், நல்ல இடம்தான் என்றேன். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் துருக்கி ஆட்டங்களின் முடிவைத் தேடித் தேடிப் படித்தோம்.

டிரைவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. மனசு அவரை ரொம்பத் தேடுகிறது. இன்றைக்கும் எந்த ஊர் ஆட்டத்திலாவது எவனாவது சேம்சைடு கோல் போட்டுவிட்டால், மறுநாள் காலை கடையைக் கொஞ்சம் சீக்கிரமே திறந்து வைக்கிறேன்.