நாய்க்குப் பிடிமண்

சின்னமனூரிலிருந்து தேனி வரைக்கும் கிருமிகள் ஒரே ஒருவரைக் கண்டுதான் நடுங்கின. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கக் கூச்சம். எல்லோருக்கும் அவர் பினாயில்காரர். மொபெட்டின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வியாழக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு வருவார்.

கட்டிலில் உட்காரும் முன் பினாயில் துணியால் துடைப்பார். டீ கொடுத்தால், அதில் பாதி டம்ளரைக் கழுவவே போய்விடும். என் மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்று பேசும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அதனால் அங்கே அவர் பேச்சு எப்போதும் சுருக்கமாக இருக்கும்.

அப்படிப்பட்டவர் என் கொட்டத்தில் பிறந்த நாய்க்குட்டி ஒன்றைக் கேட்டார். தாய் நாய் லாரியில் அடிபட்டுப் போயிருந்தது. மூன்று குட்டிகளில் வெள்ளையானதை எடுத்து, துண்டில் சுற்றித் தேனிக்குக் கொண்டுபோனார். பளிங்கு என்று பெயர் வைத்தார். டைல்ஸ் போட்ட வீடு. மூன்று வேளையும் பினாயில் போட்டுத் துடைப்பு. குட்டி வாசலுக்கு வந்தாலும் அவர் தோளில்தான் வரும்.

ஒரு வருஷம் கழித்து அதைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தார். காது சிவந்து, வயிற்றில் முடி கொட்டி, நக்கி நக்கிப் பாதமெல்லாம் புண்.

"ஏப்பா, ஒன் நாயோட பரம்பரையே சரியில்லையா?"

நான் கூடப்பிறந்த இரண்டையும் காட்டினேன். சாணிக்குள் புரண்டுவிட்டு மினுமினுப்பாக நின்றன. அவர் வெகுநேரம் பார்த்தார். மூச்சை அடக்க மறந்துபோனார்.

"வீட்ல சொல்லிட்டாப்பா. ஒரு மாசத்துல அரிப்பு நிக்கலேன்னா லோயர் கேம்ப் மலையடிவாரத்துல கொண்டுபோயி விட்டுட்டு வரணுமாம்" என்றார். கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நாயைப் பிடித்துக்கொள்ள நானும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா காதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது அலர்ஜி. பரம்பரையாவும் வரும், தீனியாலயும் வரும். மண்ணு, மாடு, மத்த நாயின்னு பழகாம வளர்ற குட்டிக்குக் கூடுதலா வருதுங்கிறாக. நாலு கிருமியோட பழகுனாத்தான் எதோட சண்டை போடணும், எதை விட்ரணும்னு ஒடம்புக்குத் தெரியும். மாத்திரைய நிறுத்தாதீக. தரையில பினாயில் வேணாம். மண்ணுல விடுங்க."

"கிருமியோட பழகணுமா?" என்றார் பினாயில்காரர். இத்தனை வருஷம் அவர் கொன்று தீர்த்ததெல்லாம் எழுந்து வந்து எதிரே நின்றதுபோல இருந்தது அந்த முகம்.

மறுநாள் காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு மஞ்சள் துணி.

"தம்பி, பிடிமண் குடு."

ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாய்க்கு எடுத்து யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அது பெறந்த எடம்ப்பா இது. மண்ண விட்டுட்டுக் குட்டிய மட்டும் தூக்கிட்டுப் போனது என் தப்பு."

தெருவே கூடிவிட்டது. "ஏலே, மேளத்துக்குச் சொல்லவா?" என்றது ஒரு குரல். அவர் திரும்பவே இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. குனிந்து, கொட்டத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மஞ்சள் துணியில் வைத்தேன். பாதி சாணி. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தேனி வீட்டில் அதைப் பளிங்கின் தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டும் அரிப்பு நிற்கவில்லை. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாயை மண்ணுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா, மண்ண நாய்க்குக் கூட்டியாந்திருக்கீகளே!"

அதன்பிறகு ஞாயிறுதோறும் பளிங்கைக் கொட்டத்துக்கே கொண்டுவந்தார். வீட்டில் வெறும் தண்ணீரால் துடைத்தார். மாத்திரையை விடவில்லை. மாசம் முடிந்தபோது அரிப்பு பாதி குறைந்திருந்தது. எதனால் என்று டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. பினாயில்காரர் சம்சாரம், "இன்னொரு மாசம் பாப்போம்" என்றாராம். அதற்குப் பிறகு லோயர் கேம்ப் பேச்சே எழவில்லை.

இப்போது பினாயில் கேட்கிறவர்களிடம், "வீட்ல நாய் இருக்கா?" என்கிறார். இருந்தால் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் நாயில்லாத வீடு இரண்டே இரண்டு. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் வருகிறார்.

இதையெல்லாம் நான் அவரிடம் பேசியதில்லை. எனக்குப் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அந்த மொபெட் வந்து திரும்பும்வரை நான் கொட்டத்தைக் கூட்டுவதில்லை.